ஜோசியம் வேண்டாம், கால அட்டவணை போதும்

புதுச்சேரி நகரத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போகிறவர், முத்தியால்பேட்டையைத் தாண்டியதும் கோட்டக்குப்பத்தில் தமிழ்நாட்டுக்குள் நுழைந்துவிடுகிறார். பொம்மையார்பாளையம் போகும்வரை விழுப்புரம் மாவட்டம்தான். பிறகு மறுபடியும் புதுச்சேரி வருகிறது, காலாப்பட்டு என்ற பெயரில். கனகசெட்டிக்குளத்தோடு அதுவும் முடிந்து திரும்பவும் தமிழ்நாடு. 1954இல் பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன வரைபடம் அப்படி. காரைக்கால் காவிரி டெல்டாவின் ஓரத்தில் கிடக்கிறது, மாகே கேரளக் கடற்கரையில், ஏனாம் கோதாவரிக் கரையில். ஆட்சி ஒன்று, மண் நான்கு இடத்தில்.

காலாப்பட்டில் இருக்கும் புதுவைப் பல்கலைக்கழகத்துக்கும் அதே ராசி. 1985இல் நாடாளுமன்றச் சட்டத்தால் பிறந்த இந்த மத்தியப் பல்கலைக்கழகத்தின் தலைமை வளாகம் சுமார் 780 ஏக்கரில் கடலைப் பார்த்தபடி பரந்திருக்கிறது. காரைக்காலில் ஒரு வளாகம் உண்டு, மாகேயில் ஒரு மையம் உண்டு. இவை போதாதென்று வங்கக் கடலுக்கு அப்பால் போர்ட் பிளேரிலும் ஒரு வளாகம் இயங்குகிறது. 2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட அந்த ஊரில்தான் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியலும் கடலோரப் பேரிடர் மேலாண்மையும் கற்பிக்கப்படுகின்றன.

இப்படிச் சிதறிக் கிடக்கும் ஒரு நிறுவனத்தின் கோப்புகள் எங்கே இருக்க வேண்டும்? கேட்பதற்கு அலுவலக உதவியாளர் தீர்த்துவைக்க வேண்டிய கேள்வி போலத் தெரியும். கணினி அறிவியல் நாற்பது ஆண்டுகளாக மண்டையை உடைத்துக்கொண்டிருக்கும் கேள்வி அது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அந்தமானுக்குக் கடலடி ஒளியிழைக் கேபிள் வந்தது 2020 ஆகஸ்ட் 10ஆம் தேதிதான். சென்னையையும் போர்ட் பிளேரையும் மற்ற சில தீவுகளையும் இணைக்கும் அதன் நீளம் சுமார் 2,300 கிலோமீட்டர். அதற்கு முன்னால் தீவுகளின் இணையம் செயற்கைக்கோளையே நம்பியிருந்தது. செயற்கைக்கோள் நிற்பது 36,000 கிலோமீட்டர் உயரத்தில். ஒரு கேள்வி மேலே ஏறிக் கீழே இறங்கி, பதிலும் அப்படியே ஏறி இறங்கி வர, ஒளியின் வேகத்திலேயே கிட்டத்தட்ட அரை வினாடி ஆகும். ஒரு மாணவர் 500 சிறு கோப்புகள் கொண்ட ஒரு தொகுப்பைத் திறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கணினி ஒவ்வொன்றாகக் கேட்டு ஒவ்வொன்றாக வாங்கினால், வெறும் காத்திருப்பு மட்டும் நான்கு நிமிடம். கேபிள் வழியே போனால் போய்வர வினாடியில் ஐம்பதில் ஒரு பங்கு போதும், ஆனாலும் 500 முறை என்றால் பத்து வினாடி. இணைப்பின் அகலத்தைப் பத்து மடங்கு கூட்டினாலும் இந்தப் பத்து வினாடி குறையாது. குழாயைப் பெரிதாக்கலாம், தூரத்தைச் சுருக்க முடியாது.

தீர்வு இரண்டே. ஒருமுறை வந்ததைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு அடுத்த முறை அதையே எடுப்பது ஒன்று, அதைக் கேஷ் என்கிறார்கள். அடுத்து எது கேட்கப்படும் என்று ஊகித்து, கேட்பதற்கு முன்பே வரவழைத்துவிடுவது இன்னொன்று, அது பிரீஃபெட்ச். 500 கோப்பில் மூன்றைத் திறந்ததுமே மிச்சம் 497ஐயும் ஒரே மூச்சில் வரவழைத்துவிட்டால் பத்து வினாடி அரை வினாடியாகிவிடும். பல ஊர்க் கணினிகளில் கிடக்கும் கோப்புகளை ஒரே இடத்தில் இருப்பதாகக் காட்டும் பரவல் கோப்பு முறைமைகள் எல்லாம் இந்த இரண்டு கால்களில்தான் நடக்கின்றன.

இந்த வரலாற்றில் சென்னைக்கு ஒரு பங்கு உண்டு. மகாதேவ் சத்யநாராயணன் சென்னை ஐஐடியில் 1975இல் பி.டெக்கும் 1977இல் எம்.டெக்கும் முடித்து அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்துக்குப் போனவர். 1980களில் அந்தப் பல்கலைக்கழகமும் ஐபிஎம்மும் சேர்ந்து வளாகத்தின் ஆயிரக்கணக்கான கணினிகளுக்கும் பொதுவான ஒரு கோப்பு முறைமையை உருவாக்கின. பல்கலைக்கழகத்தின் பெயருக்குக் காரணமான ஆண்ட்ரூ கார்னகி, ஆண்ட்ரூ மெலன் இருவரின் முதல் பெயரையே அதற்கு வைத்தார்கள். ஆண்ட்ரூ கோப்பு முறைமையில் ஒரு கோப்பைத் திறந்தால் அது முழுவதுமாகப் பயனரின் கணினிக்கே வந்து தங்கிவிடும். அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் சர்வரிடம் போய் ‘இது பழசாகிவிட்டதா?’ என்று விசாரிக்க வேண்டியதில்லை. யாராவது திருத்தினால் சர்வரே சொல்லியனுப்பும். இன்றைக்குக் கேட்டால் சாதாரணமாகத் தோன்றும் இந்த ஏற்பாட்டுக்காக, அதை உருவாக்கிய குழுவுக்கு ஏசிஎம் அமைப்பின் மென்பொருள் அமைப்பு விருது 2016ஆம் ஆண்டுக்கு வழங்கப்பட்டது.

சத்யநாராயணன் அதோடு நிற்கவில்லை. கோப்பு பக்கத்தில் இருக்கிறது, சரி. சர்வரோ இணைப்போ செத்துப்போனால்? அந்தக் கேள்வியிலிருந்து 1987 வாக்கில் தொடங்கியது கோடா என்ற அடுத்த முறைமை. இணைப்பு இருக்கும்போதே தேவையானதைச் சேர்த்துவைத்துக்கொள், அறுந்தபோது சேர்த்ததை வைத்து வேலை செய், திரும்ப இணைந்ததும் கணக்கை நேர்செய். ஜேம்ஸ் கிஸ்ட்லரும் சத்யநாராயணனும் 1991இல் ஒரு மாநாட்டில் படித்த கட்டுரை இதைத்தான் விளக்கியது. சேர்த்துவைக்க வேண்டியது எது என்பதில் கோடா இரண்டு வழியையும் கலந்தது. சமீபத்தில் எதைத் திறந்தார் என்று தானாகவும் பார்க்கும். பயனர் தன் கைப்பட எழுதிக்கொடுத்த பட்டியலையும் பார்க்கும், அதில் எது முக்கியம் எது அவ்வளவு முக்கியமில்லை என்று மதிப்பெண்ணும் போட்டிருக்கும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பட்டியலைச் சுற்றிவந்து, விட்டுப்போனதை எடுத்துவைக்கும். இரண்டு பேர் ஒரே கோப்பைத் தனித்தனியாகத் திருத்திவிட்டால் குழப்பம் வராதா என்ற பயம் எல்லாருக்கும் இருந்தது. ஆண்ட்ரூ முறைமையின் ஓராண்டுப் பதிவுகளை அலசியபோது, ஒரே கோப்பை ஒரு நாளுக்குள் இரண்டு வேறு ஆட்கள் திருத்துவதற்கான வாய்ப்பு 0.75 சதவீதத்தைத் தாண்டவில்லை என்று தெரிந்தது. பயம் பெரிதாக இருந்ததே தவிர ஆபத்து சிறிதுதான்.

கைப்பட எழுதிய அந்தப் பட்டியல் ஆராய்ச்சியாளர்கள் பலருக்கு உறுத்தியது. இயந்திரம் தானே கண்டுகொள்ளக் கூடாதா? 1994இல் கென்டக்கி பல்கலைக்கழகத்தின் கிரிஃபியோனும் ஆப்பிள்டனும், இந்தக் கோப்புக்குப் பின்னால் வழக்கமாக எந்தக் கோப்பு திறக்கப்படுகிறது என்பதை வலைபோல வரைந்து, நிகழ்தகவு போட்டு, முன்கூட்டியே எடுக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். 1997இல் லாஸ் ஏஞ்சலிஸில் ஜெஃப் குவெனிங்கும் ஜெரால்ட் போபெக்கும் சீர் என்ற மென்பொருளை விளக்கினார்கள். கோப்புகளுக்கிடையிலான உறவை அளந்து, ‘இவர் இப்போது இந்த வேலையில் இருக்கிறார், இதற்கு இவ்வளவும் வேண்டும்’ என்று தானாகவே சேர்த்துவைக்கும் முறை அது. அதற்குப் பின் வந்தவை எண்ணிலடங்கா. இன்று அந்த இடத்தில் நரம்பியல் வலைப்பின்னல்கள் உட்கார்ந்திருக்கின்றன.

ஊகம் தப்பினால் என்ன ஆகும் என்பதைப் புதுச்சேரி கணினி வருவதற்கு முன்பே அறிந்த ஊர். காலாப்பட்டு வளாகத்தின் நூலகம் ஆனந்தரங்கப் பிள்ளை பெயரில் இருக்கிறது. பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயின் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்த அவருடைய காலத்தில் பிரான்சுக் கப்பல்கள் பருவக்காற்றைப் பார்த்துத்தான் வரும். வந்த பிறகு துணிக்குச் சொன்னால் அடுத்த காற்று அடித்துப்போய்விடும். அதனால் மாதக்கணக்கில் முன்பே வணிகர்கள் வழியாக நெசவாளர்களுக்கு முன்பணம் போய்விடும். கப்பல் வந்து நிற்கும்போது மூட்டை கட்டிய துணி கிடங்கில் இருக்க வேண்டும். கணக்கு சரியாக இருந்தால் லாபம். கப்பல் வரவில்லை என்றாலோ போர் மூண்டாலோ முதல் முடங்கிவிடும், கிடங்கில் வேறு சரக்குக்கு இடமும் இல்லாமல் போகும். கோப்பு முறைமையிலும் தப்பாக ஊகித்து எடுத்த கோப்பு அதே வேலையைத்தான் செய்கிறது. இணைப்பை அடைத்துக்கொள்கிறது, நினைவகத்தில் நிஜமாகவே தேவைப்பட்ட ஒன்றை வெளியே தள்ளுகிறது. மோசமான பிரீஃபெட்ச், பிரீஃபெட்சே இல்லாததைவிட மெதுவானது.

இந்த நஷ்டத்தைக் குறைக்க 1995இல் கார்னகி மெலனிலேயே ஹ்யூகோ பேட்டர்சன், கார்த் கிப்சன் குழு வேறொரு வழி சொன்னது. ஊகிக்கவே வேண்டாம், கேட்டுவிடலாம். அடுத்து எந்தெந்தக் கோப்பைப் படிக்கப் போகிறது என்று நிரலுக்கே தெரியுமே, அது வாயைத் திறந்து சொல்லட்டும் என்றார்கள். ஆராய்ச்சி உலகம் இந்த யோசனையைப் பாராட்டியது, ஆனால் மினுமினுப்பு எப்போதும் கணிப்பின் பக்கம்தான் இருந்தது. எதிர்காலத்தைக் கணிக்கும் இயந்திரம் என்றால் செய்திக்குத் தலைப்பு கிடைக்கும். ‘தயவுசெய்து பட்டியல் கொடுங்கள்’ என்று கேட்கும் இயந்திரத்துக்கு யார் நிதி கொடுப்பார்கள்?

ஆனால் ஒரு பொது நிறுவனத்துக்குப் பொருத்தமானது பட்டியல் கேட்கும் இந்த வழிதான். காலாப்பட்டில் அடுத்து என்ன தேவைப்படும் என்பது ரகசியமே இல்லை. பருவத் தேர்வு எப்போது என்று பதிவாளர் அலுவலகம் சுற்றறிக்கை போடுகிறது. பாடத்திட்டம் அச்சில் இருக்கிறது. ஆய்வு மாணவர்கள் எந்தத் தலைப்பில் பதிவுசெய்திருக்கிறார்கள் என்று துறைக்குத் தெரியும். இத்தனையும் கையில் இருக்கும்போது மாணவரின் ஒவ்வொரு சொடுக்கையும் பதிவுசெய்து, அதைக் கற்கும் ஒரு மாதிரியைக் கட்டி, அது ‘ஏப்ரலில் தேர்வுத் தாள்களுக்குத் தேவை கூடும்’ என்று கண்டுபிடிப்பதற்காகக் காத்திருப்பது காசையும் காலத்தையும் கரைக்கிற வேலை.

கணிப்பு வீணான வித்தை என்பதல்ல வாதம். அது ஜொலிக்கும் இடங்கள் இருக்கின்றன, அவை நம் வீட்டுத் திரையில்தான் இருக்கின்றன. நெட்ஃபிளிக்ஸ் தன் சொந்தப் பெட்டிகளை இணைய நிறுவனங்களின் நிலையங்களுக்குள்ளேயே கொண்டுபோய் வைக்கிறது. நாளை அந்த வட்டாரத்தில் எந்தப் படத்துக்குக் கூட்டம் வரும் என்று கணக்கிட்டு, ஊர் உறங்கும் நேரத்தில் அந்தப் படங்களைப் பெட்டியில் நிரப்பிவிடுகிறது. யூடியூப் காணொளிகளுக்காகக் கூகுளும் இந்திய இணைய நிறுவனங்களுக்குள் கேஷ் பெட்டிகளை வைத்திருக்கிறது. நேரலையை முன்பே எடுத்துவைக்க முடியாது என்றாலும், அதற்கும் கூட்டத்தை முன்பே எண்ணியாக வேண்டும். 2019 ஜூலை 10, உலகக் கோப்பை அரையிறுதியில் நியூசிலாந்துக்கு எதிராகத் தோனி ஆடிக்கொண்டிருந்தபோது ஹாட்ஸ்டாரில் ஒரே நேரத்தில் 2.53 கோடிப் பேர் இருந்தார்கள். தோனி ரன் அவுட் ஆனதும் கூட்டம் கலைந்தது. கலைந்தவர்கள் எல்லாரும் காணொளியிலிருந்து வெளியேறி முகப்புப் பக்கத்தில் வந்து விழுந்தார்கள். ரசிகர்களின் மனம் உடையும் கணத்தில் முகப்புப் பக்கத்துக்கு எத்தனை பேர் வருவார்கள் என்றும் ஒரு பொறியாளர் முன்கூட்டியே எண்ணி வைத்திருக்க வேண்டும்!

கேளிக்கை நமக்கு இவ்வளவு பக்கத்தில் வந்து நிற்கிறது. படிப்பு எங்கே நிற்கிறது என்று பார்த்தால் சங்கடமாக இருக்கும்.

இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் ஷோத்கங்கா என்ற களஞ்சியத்தில் சேர்கின்றன. அதை நடத்தும் இன்ஃபிலிப்நெட் மையம் குஜராத்தின் காந்திநகரில் இருக்கிறது. காலாப்பட்டில் எழுதி, காலாப்பட்டில் வாய்மொழித் தேர்வு முடித்த ஓர் ஆய்வேட்டை, காலாப்பட்டு விடுதியில் இருக்கும் அடுத்த ஆண்டு மாணவர் ஷோத்கங்காவில் தேடிப் படித்தால், பக்கத்து அறையில் எழுதப்பட்டது காந்திநகர் போய்த் திரும்பி வருகிறது. காந்திநகர்க்காரர்கள் மேல் தப்பே இல்லை, தேசத்துக்குப் பொதுவான களஞ்சியம் ஓரிடத்தில் இருந்தே ஆக வேண்டும். அதன் பிரதி ஒவ்வொரு வட்டாரத்திலும் ஏன் இல்லை என்பதே கேள்வி.

அதற்கு எவ்வளவு இடம் வேண்டும்? ஷோத்கங்காவில் 5 லட்சத்துக்கும் அதிகமான ஆய்வேடுகள் இருக்கின்றன. ஒன்றுக்கு 30 மெகாபைட் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டால் மொத்தம் 15 டெராபைட். இன்று கடையில் 20 டெராபைட் வன்வட்டு கிடைக்கிறது. அரை நூற்றாண்டு இந்திய ஆராய்ச்சியில் கணிசமான ஒரு பகுதி ஒற்றை வட்டுக்குள், மாற்று வட்டு ஒன்றையும் சேர்த்தால் இரண்டுக்குள் அடங்கிவிடும். எதை முன்கூட்டியே எடுப்பது என்று ஊகிக்க வேண்டிய அவசியமே இல்லை, எல்லாவற்றையும் எடுத்துவைத்துவிடலாம். இடம் சுருங்கிக் கிடந்த காலத்துச் சாமர்த்தியம் கணிப்பு. இடம் மலிந்த பிறகும் அந்தச் சாமர்த்தியத்தை மட்டுமே கொண்டாடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. தமிழ் விக்கிப்பீடியா முழுவதையும் கிவிக்ஸ் மென்பொருள் வழியாக ஒரு நினைவக அட்டையில் இறக்கி, இணையமே இல்லாத பள்ளியில் திறந்துவைக்கலாம். அங்கே எந்த இயந்திரமும் எதையும் கணிப்பதில்லை.

இதற்கு ஒரு மறுப்பு வரும், அதை ஒதுக்கிவிடவும் முடியாது. 2003இல் வெளியான கூகுள் கோப்பு முறைமைக் கட்டுரையில் சஞ்சய் கெமாவத்தும் கூட்டாளிகளும், பயனர் பக்கத்தில் கோப்புத் தரவைக் கேஷ் செய்வதே இல்லை என்று எழுதினார்கள். அவர்களுடைய நிரல்கள் மாபெரும் கோப்புகளை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரே ஓட்டமாகப் படித்துவிட்டுப் போய்விடும், மீண்டும் திரும்பிப் பார்க்காது. அங்கே கேஷ் வீண் சுமை. அதனால் எங்கேயும் எப்போதும் சேர்த்துவை என்று யாராவது சொன்னால் அது மூடநம்பிக்கை. என்ன வேலை நடக்கிறது என்று பார்த்த பிறகே முடிவெடுக்க வேண்டும். மரபணுத் தரவையோ செயற்கைக்கோள் படங்களையோ ஒருமுறை அரைத்துத் தள்ளும் ஆய்வகத்துக்குக் கூகுளின் வழி சரி. ஒரே ஐம்பது நூல்களை ஐந்நூறு பேர் திரும்பத் திரும்பத் திறக்கும் வகுப்புக்கு அது சரிப்படாது.

‘ஒளியிழை வந்துவிட்டது, ஐந்தாம் தலைமுறை வந்துவிட்டது, இனி எதற்கு இதெல்லாம்?’ என்பது இன்னொரு மறுப்பு. வெயில் காலத்தில் கேட்டால் நியாயமாகத்தான் இருக்கும். காலாப்பட்டிலோ டிசம்பர் என்று ஒரு மாதம் வருகிறது.

2011 டிசம்பர் 30 அதிகாலையில் தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையேறியது. மரங்களும் மின்கம்பங்களும் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்து, பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரியை ஒட்டிக் கரையேறி, நகராமல் நின்றுகொண்டே கொட்டியது. ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை, மக்களை மீட்க ராணுவம் வந்தது. பல்கலைக்கழகம், பிள்ளைச்சாவடியின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், அம்பேத்கர் அரசு சட்டக் கல்லூரி, பிம்ஸ் மருத்துவக் கல்லூரி என்று இந்தக் கடலோரத்தில் சில கிலோமீட்டருக்குள் நெருங்கி நிற்கும் நிறுவனங்கள் எல்லாம் அதே காற்றின் வழியில் இருக்கின்றன. கோடா முறைமை பிறந்ததே இப்படி இணைப்பு அறும் நாளை மனத்தில் வைத்துத்தான். வேகத்துக்காகச் சேர்த்துவைப்பது ஒரு வசதி. அறுந்த பிறகும் வேலை நடப்பதற்காகச் சேர்த்துவைப்பது வேறு ரகம், அதை வசதிக் கணக்கில் எழுதக் கூடாது.

புயலும் சொல்லாமல் வருவதில்லை. இந்திய வானிலை ஆய்வுத் துறை 72 மணி நேரத்துக்கு முன்பே புயலுக்கு முந்தைய கண்காணிப்பு அறிக்கையைத் தொடங்குகிறது, 48 மணி நேரத்துக்கு முன் எச்சரிக்கை, 24 மணி நேரத்துக்கு முன் இன்னொன்று என்று படிப்படியாகச் சொல்கிறது. கோப்புகளைத் திறந்த வரலாற்றை எத்தனை ஆண்டு படித்தாலும் ஓர் இயந்திரம் ஃபெஞ்சலைக் கண்டுபிடித்திருக்காது. சென்னையில் இருக்கும் மண்டல வானிலை மையத்தின் அறிக்கையைப் படிக்கத் தெரிந்த ஒரு நூலக உதவியாளர் கண்டுபிடித்துவிடுவார். இதைவிடத் தெளிவான முன்னறிவிப்பை எந்தக் கோப்பு முறைமை கேட்கும்? 72 மணி நேரம், சாதாரண இணைப்பிலும்கூட டெராபைட் கணக்கில் இறக்கிவைக்கப் போதும்.

கணிப்பைவிடக் கேட்பது மேல் என்பதற்கு வேகத்தோடு சம்பந்தமில்லாத ஒரு காரணமும் இருக்கிறது. அடுத்து என்ன படிப்பார் என்று ஊகிக்க, இதுவரை என்ன படித்தார் என்பதைச் சேமித்துவைத்தாக வேண்டும். நூலகத்தைப் பொறுத்தவரை அது ஒருவரின் அரசியல், நோய், மதம், மனக்குழப்பம் எல்லாம் சேர்ந்த பதிவு. பழைய நூலகத்தில் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்ததும் அட்டை மறுபடி உறைக்குள் போய்விடும். கணிப்பு இயந்திரத்துக்கோ பழசு எதையும் விட மனம் வராது. 2023இல் தனிநபர் மின்தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கும் நாட்டில், இதை யார் வைத்திருக்கலாம், எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்று கேட்காமல் எந்தப் பல்கலைக்கழகமும் அத்தகைய மென்பொருளை வாங்கக் கூடாது. ஆள் பெயர் இல்லாமல், எந்த நூல் எந்த வாரம் எத்தனை முறை திறக்கப்பட்டது என்ற எண்ணிக்கை மட்டும் போதும். கேஷ் வேலைக்கு அதற்கு மேல் தேவைப்படுவது அபூர்வம்.

முன்கூட்டி எடுக்கும் ஆசை எவ்வளவு ஆழத்தில் காட்டிக்கொடுக்கும் என்பதற்கு 2024இல் ஓர் உதாரணம் கிடைத்தது. ஆப்பிளின் எம்1 வகைச் சில்லுகளில், நினைவகத்தில் கிடக்கும் ஓர் எண் முகவரிபோலத் தெரிந்தால், கேட்கும் முன்பே அந்த முகவரிக்குப் போய்த் தரவை எடுத்துவரும் ஒரு பகுதி உண்டு. அதன் நடத்தையைக் கவனித்தே மறையாக்கச் சாவிகளைப் பிடித்துவிடலாம் என்று அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள். கோஃபெட்ச் என்று பெயர் வைத்தார்கள். சில்லுக்குள் இருப்பதால் அதை எளிதில் திருத்தவும் முடியவில்லை, மென்பொருளில் தடுப்பு போட்டால் வேகம் போகிறது. உதவிசெய்ய முந்திக்கொண்ட ஊழியனே வீட்டு ரகசியத்தை வெளியே சொன்ன கதை.

நகரத்துக்குள் இருக்கும் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்திடம் நமக்கு இன்னொரு பாடம் உண்டு. 1955இல் தொடங்கிய அந்த நிறுவனமும் தூரகிழக்கு ஆய்வுக்கான பிரெஞ்சுப் பள்ளியின் புதுச்சேரி மையமும் காக்கும் சுமார் 11,000 சைவச் சுவடிகள் 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பட்டியலில் இடம்பெற்றன. ஓலையின் படங்களை முன்கூட்டி எடுப்பதற்கு ஜோசியமே வேண்டாம், பத்தாம் ஓலையைப் பார்ப்பவர் பதினொன்றாம் ஓலைக்குத்தான் போவார். அதே நிறுவனம் தமிழக ஊர்ப் பஞ்சாயத்துகளின் பழைய ஆவணங்களைத் தேடிப் படமெடுத்தது பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்களுக்கான திட்டத்தின் கீழ். 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகத்தைத் தாக்கிய இணையக் கொள்ளையர்கள் அதன் இணைய சேவைகளை மாதக்கணக்கில் முடக்கினார்கள். தமிழ்நாட்டுக் கிராமத்து ஆவணத்தைத் தமிழ்நாட்டிலிருந்து பார்க்க லண்டன் பிழைத்து எழ வேண்டியிருந்தது. நல்லவேளையாக அந்தத் திட்டத்தின் விதியிலேயே ஒரு புத்திசாலித்தனம் இருக்கிறது. மூல ஆவணம் நாட்டைவிட்டு வெளியே போகாது, மின்படங்களின் ஒரு பிரதி உள்ளூர் நிறுவனத்திலும் இருக்கும். அந்த விதியை எழுதியவர்கள் பரவல் கோப்பு முறைமைக் கட்டுரைகளைப் படித்திருக்க வேண்டிய கட்டாயமில்லை.

காலாப்பட்டில் இதைச் செய்யப் பெரிய திட்ட அறிக்கை எதுவும் தேவைப்படாது. ஷோத்கங்காவின் பிரதியை வைத்துக்கொள்ள இன்ஃபிலிப்நெட்டிடம் அனுமதி பெற வேண்டும். பாடத்திட்டத்தில் இருக்கும் திறந்த உரிம நூல்களின் பட்டியலைத் துறைத் தலைவர்களிடம் பருவத்துக்கு ஒருமுறை கேட்டு வாங்க வேண்டும். போர்ட் பிளேர் வளாகத்திலும் காரைக்காலிலும் மாகேயிலும் ஆளுக்கொரு சேமிப்புப் பெட்டி, காலாப்பட்டில் மாறியதை மட்டும் இரவில் இழுத்துக்கொள்ளும்படி. விடுதியின் உள்வலை வெளியிணைப்பு இல்லாமலும் இயங்க வேண்டும், அந்தப் பெட்டிகளுக்கும் வலைக் கருவிகளுக்கும் ஜெனரேட்டர் இணைப்பு வேண்டும். மின்சாரம் இல்லாத கேஷ் யாருக்கும் பயன்படாது. சந்தா கட்டி வாங்கும் ஆய்விதழ்களை இப்படிச் சேர்த்துவைக்க ஒப்பந்தங்கள் இடம்கொடுக்காது. அடுத்த ஒப்பந்தம் கையெழுத்தாகும்போது பேரிடர் நாட்களுக்காவது விலக்கு கேட்கலாம், கேட்டால்தான் கிடைக்கும்.

இவற்றில் கணினித் துறைக்குப் பொருத்தமான ஆய்வு வேலையும் இருக்கிறது. பெயர் நீக்கிய எண்ணிக்கைகளை ஓராண்டு சேர்த்து, கால அட்டவணையை வைத்து நிரப்பிய கேஷ் எத்தனை சதவீதம் கைகொடுத்தது, கற்கும் இயந்திரம் அதைவிட எவ்வளவு கூடுதலாகச் சாதித்தது என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளந்து வெளியிடலாம். இயந்திரம் கணிசமாக ஜெயித்தால் வாங்கிவிட்டுப் போகலாம். வடகிழக்குப் பருவமழை அக்டோபர் பிற்பகுதியில் தொடங்கும், அதனால் துறைகள் தரும் முதல் பட்டியல் செப்டம்பர் முடிவதற்குள் நூலகத்தின் கையில் இருக்க வேண்டும். அதற்கான சுற்றறிக்கையை ஜூலையில் வகுப்புகள் தொடங்கும்போதே அனுப்பிவிடலாம்.